மே மாதம் நல்ல தண்ணீர், ஐப்பசியில் அதே கிணறு வேறு தண்ணீர். உங்கள் ஊரில் எப்படி?

மேட்டுக்காடு (பாலக்கோடு பக்கம், தருமபுரி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தோட்டத்தில் தண்ணீர் இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று தாத்தா வெட்டிய கிணறு, 55 அடி, கல்கட்டு. இன்னொன்று நான் போட்ட போர், 780 அடி. போர் தண்ணீர் பாசனத்துக்கும் துணி துவைக்கவும். குடிக்கவும் சமைக்கவும் எப்போதும் கிணறுதான். தண்ணீர் குளுமையாக இருக்கும், ருசியாகவும் இருக்கும். ஊருக்குள் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிறது, ஆனால் நாங்கள் தோட்டத்து வீட்டில் இருப்பதால் அந்தக் குழாய்க்கு முக்கால் கிலோமீட்டர் போக வேண்டும்.

போன மே மாதம் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். எல்லாம் வரம்புக்குள். அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன்.

புரட்டாசி கடைசியில் மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டர் பால்பவுடரும் எழுதிக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்துத்தான் கலக்கினோம். குழந்தையைப் பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தண்ணீரில் கலக்குறீங்க?” நான் உள்ளே போய்ச் சீட்டை எடுத்து வந்து காட்டினேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது மே மாதத்துச் சீட்டு. அப்புறம் மூணு வாரம் மழை பெய்திருக்கு. இப்போ ஒருதரம் பார்த்துடுங்க” என்றார்.

ஊரில் மகளிர் குழுவில் ஒரு அக்காவிடம் தண்ணீர் சோதிக்கும் பெட்டி இருக்கிறது. அன்று சாயங்காலமே வந்தார். சின்னக் குழாயில் தண்ணீர் விட்டு, மருந்துப் பொடி போட்டுக் குலுக்கி வைத்தார். வைத்தவுடன் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெல்ல மெல்லச் சிவந்து கடைசியில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல நின்றது. நைட்ரேட். மறுநாள் ஆய்வுக்கூடத்திலும் கொடுத்தேன். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், எங்கள் கிணறு அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

குழந்தை நன்றாக இருக்கிறது. அன்று ராத்திரியே ஒகேனக்கல் தண்ணீருக்கு மாறிவிட்டோம். ஆனால் கொதிக்க வைத்தால் போதும் என்று நம்பி நாங்கள் செய்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

கிணற்றைச் சுற்றி இரண்டு ஏக்கர் தக்காளி. மழைக்குப் பத்து நாள் முன்னால்தான் யூரியா வைத்தோம். மாட்டுக்கொட்டகையும் சாணிக்குழியும் கிணற்றிலிருந்து இருபது அடி. இதெல்லாம் காரணமா? மற்ற ஊர்களிலும் இப்படி மாறுகிறதா? எந்த மாதத்தில் சோதிக்க வேண்டும்?

கற்பாறை (நிலத்தடி நீர்ப் பணியில் இருந்து ஓய்வு)

தம்பி, செவிலியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நிலத்தடி நீர் என்றால் பூமிக்குள் அசையாமல் கிடக்கும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அது மழையோடும் கோடையோடும் மாறிக்கொண்டே இருக்கிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை மண் பெரும்பாலும் பிடிப்பதில்லை, தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். வெயில் காலம் முழுக்கப் பயிர் எடுத்தது போக மீந்தது மேல் மண்ணில் தங்கியிருக்கும். முதல் நல்ல மழை அதைக் கரைத்து இறக்கிவிடும். 55 அடிக் கிணறு, அதுவும் கல் இடுக்கில் ஊற்று வரும் கிணறு என்றால் சில நாளிலேயே வந்து சேரும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20.7 கிலோ. அது முழுக்க நைட்ரேட் ஆனால் ஏறக்குறைய 92 கிலோ. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது வரம்பு. அந்த ஒரு மூட்டை மட்டுமே 20 லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கொண்டுபோக முடியும். 25 அடி அகலக் கிணற்றில் 20 அடி தண்ணீர் நின்றால் அது கிட்டத்தட்ட 2.8 லட்சம் லிட்டர். ஏழு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் பாதியை எடுத்துக்கொண்டாலும் மீதி எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

சாணிக்குழி இருபது அடியில் இருப்பதும் கட்டாயம் ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சீட்டில் குளோரைடும் பொட்டாசியமும் நைட்ரேட்டோடு சேர்ந்து ஏறியிருந்தால் கொட்டகை, கழிவறைக் குழி பக்கம் சந்தேகம் கூடும்.

இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் நாடு முழுவதும் எடுத்த 15,259 மாதிரிகளில் 19.8 சதவீதத்தில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. ராஜஸ்தான், கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் முன்வரிசையில்.

குழந்தைகள்_மருத்துவம்

அந்தச் செவிலியருக்கு என் வணக்கம். இந்தக் கேள்வியை நாங்களே பல நேரம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

கொதிக்க வைப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாசமுள்ள வீடுகளில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் அதே நைட்ரேட் முக்கால் லிட்டரில் இருக்கும். ஃபுளூரைடும் அப்படித்தான்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் அங்கே சில கிருமிகள் வளர்ந்து நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது ரத்தத்தில் ஏறி ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். பெரியவர்கள் உடம்பில் அதைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி போதுமான அளவு இருக்கிறது, பச்சைக்குழந்தைக்கு அது பாதி அளவுதான். உதடு, நகம் சாம்பல் நீலமாகும், குழந்தை சோர்ந்து கிடக்கும், ஆக்சிஜன் வைத்தாலும் நிறம் திரும்பாது. எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலக்கிக் கொடுத்த குழந்தைகளுக்கு இது வந்ததை ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் 1945இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 50 மில்லிகிராம் வரம்பு, நம் 45 மில்லிகிராம் வரம்பு, இரண்டுமே இந்தப் பச்சைக்குழந்தைகளை மனதில் வைத்து வந்தவை.

நிறம் மாறினால் வீட்டில் எதுவும் செய்து பார்க்காதீர்கள், நேராக மருத்துவமனை. ஊசி மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போனால் குழந்தை பிழைக்கும்.

இன்னொன்று. வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தைக்கு ஆபத்து கூடுதல். மழை நைட்ரேட்டை இறக்கும் அதே நாட்களில்தான் சாணிக்குழிக் கிருமியையும் கிணற்றில் இறக்குகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்வதால்தான் ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு பயமான மாதங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. அம்மா குடிக்கும் தண்ணீரில் உள்ள நைட்ரேட் பாலில் பெரிதாக ஏறுவதில்லை. அதனால் அம்மாக்கள் பதறிப்போய்த் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம்.

ஆலமரத்தடி

எல்லாரும் பயமுறுத்துகிற மாதிரி எழுதுகிறீர்கள். எங்கள் தாத்தா இதே மாதிரிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து 91 வயது வரை ஏர் ஓட்டினார். என் நான்கு பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தார்கள். இப்போது மட்டும் எப்படி விஷமாகிவிட்டது? கேன் தண்ணீர் விற்கிறவர்களுக்குத்தான் இதனால் லாபம்.

கற்பாறை

ஐயா, கோபம் வேண்டாம். நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் தாத்தா குடித்த கிணறு அதே இடத்தில்தான் இருக்கும், தண்ணீர் வேறு. அவர் காலத்தில் ஏக்கருக்குத் தொழுஉரமும் ஆட்டுக்கிடையும்தான், வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போகம். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்றில் ஒரு நாளைக்கு எடுத்தது கொஞ்சம், ஊறியது நிறைய. இன்று மோட்டார், மூன்று போகம், போகத்துக்குப் பல தடவை உரம். கிணற்றுக்குப் பக்கத்தில் உறிஞ்சு குழி வைத்த கழிவறையும் அந்தக் காலத்தில் இல்லை.

கேன் தண்ணீர் வாங்கச் சொல்லி யாரும் இங்கே எழுதவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். நல்ல தண்ணீராக இருந்தால் உங்கள் கிணற்றை விட ருசியான கேன் எங்கே இருக்கிறது?

செம்மண் தோட்டம் (வலிகாமம், யாழ்ப்பாணம்)

அண்ணை, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எங்கள் ஊர்க் கதையைப் படிப்பது போலவே இருந்தது. உங்களுக்குக் கருங்கல், எங்களுக்குச் சுண்ணாம்புக்கல்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிக்க, தோட்டத்துக்கு இறைக்க, எல்லாத்துக்கும் கிணறுதான். மாரி மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. அந்த மூன்று மாதம் பெய்வதைத்தான் வருடம் முழுக்க இறைக்கிறோம். மேலே செம்மண், கீழே துவாரம் துவாரமான சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் செம்மண் உறிஞ்சும், கல்லின் வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்கு வந்துவிடும். வடிகட்ட நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நன்னீரும் கடல்நீருக்கு மேலே மிதக்கும் ஒரு வில்லை மாதிரி. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருந்து உவர் ஏறும். ஆக எங்களுக்கு ஆவணியில் உப்பு, மார்கழியில் நைட்ரேட்.

சின்ன வெங்காயச் செய்கை எங்கள் பக்கம் பெயர் பெற்றது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இறைப்பு. இறைக்கும் ஒவ்வொரு முறையும் பசளையில் ஒரு பங்கு வேருக்குக் கீழே போகிறது. போன தண்ணீரையே மறுபடி பம்பு போட்டு எடுத்து அதே தறையில் விடுகிறோம். வீடுகளும் நெருக்கம். என் வளவுக் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழிக்கும் நடுவில் ஒரு மதில்தான். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து மாதிரி எடுக்கும்போது சொன்னார்கள், குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று. இரண்டு பரப்புக் காணியில் 50 அடிக்கு எங்கே போவது? எங்கள் கல்லில் 50 அடியும் போதாது என்றுதான் அவர்களே சொன்னார்கள்.

என் அம்மா ஒரு பழக்கம் வைத்திருந்தா. மாரி தொடங்கி முதல் சில கிழமை கிணற்றில் குடிக்க அள்ள மாட்டா. கோயில் கிணற்றில் இருந்து குடத்தில் கொண்டு வருவா. “புது வெள்ளம் அடங்கட்டும்” என்று சொல்லுவா. கோயிலைச் சுற்றித் தோட்டமும் இல்லை, குழியும் இல்லை. காரணம் தெரிந்து செய்தாவோ தெரியாமல் செய்தாவோ, செய்தது சரி.

பள்ளிக்கூட_மணி (பென்னாகரம் வட்டம்)

நைட்ரேட் பேச்சில் எங்கள் மாவட்டத்தின் பழைய ஃபுளூரைடு நோயை மறந்துவிட வேண்டாம். நான் இருபது வருடமாக ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன், மாட்டேன் என்றாள். சிரிக்கும்போதெல்லாம் வலது கையை வாய்க்குக் கொண்டு போவாள். ஒரு நாள் கையைப் பிடித்து மெல்ல இறக்கினேன். முன்பற்களில் குறுக்கே காப்பிக்கொட்டை நிறத்தில் கோடுகள், ஓரம் பொரிந்து போயிருந்தது. அவள் அம்மா நான் பார்க்கும்போதெல்லாம் வேப்பங்குச்சியும் உப்பும் வைத்துத் தேய்த்துவிட்டு, “ஒழுங்கா விளக்கறதில்லைங்க டீச்சர்” என்று குழந்தையைத்தான் திட்டுவார். அது அழுக்கு இல்லை. எட்டு வயதுக்குள் பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஃபுளூரைடு செய்த வேலை. முளைத்த பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது.

ஒகேனக்கல் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் நல்ல மாற்றம் பார்க்கிறேன். 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிய திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரைடு பாதிப்பைத் தணிப்பது என்று இருக்கிறது. ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் குறையும்போது ஜனங்கள் மறுபடி போருக்குத்தான் போகிறார்கள். போர் தண்ணீர் மோசமாக இருக்கும் மாதமும் அதுதானே? பெரியவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

கற்பாறை

அம்மா சொன்னது முக்கியமான இடம். நைட்ரேட் மேலிருந்து இறங்குவது, ஃபுளூரைடு பாறையிலிருந்து வருவது. நம் மாவட்டத்துக் கருங்கல்லில் இருக்கும் காக்காப்பொன், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. தண்ணீர் அந்தக் கல்லோடு எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். கோடையில் மட்டம் இறங்க இறங்க, ஆழத்தில் வருடக்கணக்காகத் தேங்கிய பழைய தண்ணீரை இழுக்கிறோம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் அது ஃபுளூரைடைப் பிடித்துக் கட்டியாக்கி வைத்துவிடும். எங்கே சுண்ணாம்பு சுக்கான்கல்லாகப் படிந்து தண்ணீரை விட்டுப் போய்விட்டதோ, எங்கே சோடா உப்பு கூடியிருக்கிறதோ, அங்கேதான் ஃபுளூரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு வேகும், வாயில் வைத்தால் ஒரு குறையும் தெரியாது. “நுரை வருது, பருப்பு வேகுது, அதனால நல்ல தண்ணி” என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லும் சோதனை ஃபுளூரைடு விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும்.

மழைக்குப் பிறகு எல்லா இடத்திலும் குறையும் என்றும் நினைக்காதீர்கள். சில இடத்தில் கோடையில் மண்மேல் பூத்த உப்பைத் தை வரைக்கும் மழை கரைத்து இறக்கி, அளவு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வருடத்துக்கு இரண்டு தடவை: சித்திரை கடைசி அல்லது வைகாசியில், மட்டம் அடியில் இருக்கும்போது ஒன்று, பருவமழை தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஒன்று.

ஃபுளூரைடு நோயை நம் நாட்டில் முதலில் கண்டது மாடுகளில் என்று பலருக்குத் தெரியாது. 1930களில் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம், ஏர் மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் நின்றன. மாட்டை மாற்றினார்கள், புது மாடும் சில வருடத்தில் அப்படியே ஆனது. மனிதர்களுக்கும் அதே நோய்தான் என்று 1937இல் ஷார்ட் என்பவரும் உடன் இருந்தவர்களும் எழுதினார்கள்.

குழந்தைகள்_மருத்துவம்

கோடையைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். சீட்டில் இருக்கும் எண் லிட்டருக்கு எவ்வளவு என்பதுதான். உடம்புக்குப் போவது அந்த எண்ணைக் குடித்த லிட்டரால் பெருக்கினால் வருவது. ஃபுளூரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக வரம்பு ஒருவர் நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறார் என்ற கணக்கில் வந்தது. மே மாத வெயிலில் களை வெட்டும் ஒரு அக்கா 5 லிட்டர் குடிப்பார். தண்ணீரில் 1.4 இருந்தால் சீட்டு “வரம்புக்குள்” என்று சொல்லும். ஆனால் 2 லிட்டர் குடிப்பவருக்கு 2.8 மில்லிகிராம், அவருக்கு 7. அதோடு சோறு, பருப்பு உறிஞ்சிய தண்ணீர், தேயிலையில் இயல்பாகவே இருக்கும் ஃபுளூரைடு. இந்தியத் தர நிர்ணயத்தில் 1.0 என்பதை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு வழி இல்லாதபோது மட்டும் 1.5 வரை என்று சொல்லியிருப்பதன் பொருளை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நாற்பது வயதில் குனிய முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று வரும் கூலித் தொழிலாளிகளை வாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும்.

சாப்பாடு ஓரளவு காக்கும். பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய். கால்சியம் குறைவான குழந்தைக்கு அதே தண்ணீர் அதிகக் கெடுதல் செய்யும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் வெளியேறும் ஃபுளூரைடு கூடியதாக 2002இல் எழுதினார்கள். நம் ரசமும் குழம்பும் கொஞ்சம் கைகொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், மருந்து என்று அல்ல. தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம்.

ஆலமரத்தடி

சரி, கேட்கிறேன். தேற்றான்கொட்டை உரைத்துப் போட்டால் போகாதா? என் வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள். ஆர்ஓ மிஷின் வாங்கலாமா?

கற்பாறை

ஐயா, தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அதில் அது கெட்டிக்கார விதை. கரைந்திருக்கும் உப்பை அதனால் எடுக்க முடியாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் நைட்ரேட் இருக்கும்.

ஃபுளூரைடுக்குப் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 1970களில் கொண்டு வந்தது. செலவு குறைவு. ஆனால் அளவு பிசகினால் தண்ணீரில் அலுமினியம் மிஞ்சும், அடியில் தங்கும் சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். அதற்கு ஆள் நின்று செய்ய வேண்டும், வீட்டில் தொடர்ந்து நடப்பதில்லை. நைட்ரேட்டுக்கு அது பயன்படாது. ஆர்ஓ இரண்டையும் எடுக்கும், சவ்வு நன்றாக இருக்கும் வரை. மாற்றாமல் விட்ட சவ்வில் இருந்து வருவது உள்ளே போன அதே தண்ணீர்தான், அதனால் ஆர்ஓவில் வரும் தண்ணீரையும் சோதியுங்கள். கழிவாக வெளியேறும் தண்ணீரைக் கிணற்றோரம் விட்டுவிடாதீர்கள், எடுத்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒகேனக்கல் குழாய் பக்கம் என்றால் மிஷினுக்கு முன்னால் அதை வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரைக் கூரையில் பிடித்து மூடிய தொட்டியில் வைத்தால் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதைவிட நல்லது இல்லை. குளிக்க, துவைக்க, மாட்டுக்கொட்டகை கழுவ உங்கள் கிணறே போதும்.

வவுனியாக்காரன்

எங்கள் மாவட்டத்திலும் அனுராதபுரம் பக்கமும் கமக்காரருக்கு வரும் சிறுநீரக நோயும் தண்ணீரால்தான் என்று சொல்கிறார்களே? என் மாமா ஒருவர் கிழமைக்கு இரண்டு தடவை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்து கடைசியில் போய்விட்டார். சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை.

குழந்தைகள்_மருத்துவம்

உங்கள் மாமாவின் இழப்புக்கு வருந்துகிறேன். 1990களில் இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், மெதவச்சி, பதவியா போன்ற இடங்களில் இருந்துதான் இந்த நோய் பெரிதாக வெளியே தெரிய வந்தது. இது ஒரே காரணத்தால் வருவது என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. கடின நீரும் ஃபுளூரைடும் சேர்ந்து, பூச்சிமருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து உடம்பு வற்றுவது என்று பல வழியில் ஆராய்கிறார்கள். ஆனால் அதே ஊர்களில் இயற்கை ஊற்று நீரைக் குடித்துவந்த குடும்பங்களில் நோய் குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் காரணம் முடிவாகும் வரை காத்திருக்காமல் தண்ணீரை மாற்றுவது புத்திசாலித்தனம். வீட்டில் மற்றவர்களுக்கும் வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள்.

ஐந்து_பேரில்_ஒருத்தி (மகளிர் குழு)

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த ஐந்து பேரில் நான் ஒருத்தி. மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போர் என்றால் மோட்டாரைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குழாயில் நின்ற தண்ணீரைப் பிடித்துப் பயன் இல்லை. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய பாட்டில் வேண்டாம், பழச்சாறு பாட்டில் வேண்டாம். ஃபுளூரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி கூடாது. நைட்ரேட் பார்க்க வேண்டுமானால் வெயிலில் வைக்காமல் ஈரத்துணி சுற்றி, அன்றே அல்லது மறுநாளே சேர்த்துவிடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்திலேயே சுத்தம் செய்த பாட்டில் கேட்டு வாங்க வேண்டும். மேலே ஊர், கிணறா போரா, ஆழம், தேதி, கடைசியாக மழை பெய்த நாள், இதை எழுதி ஒட்டுங்கள். மழை நாளை எழுதச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். இந்த இழையைப் படித்தால் ஏன் என்று புரியும்.

எங்கள் பெட்டியில் ஃபுளூரைடு இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும், மஞ்சள் கூடினால் கெடுதல். நைட்ரேட்டுக்கு இளஞ்சிவப்பு கூடினால் கெடுதல். இரண்டையும் குழப்பிக்கொண்டு “சிவப்பா வந்துச்சு, ஃபுளூரைடு அதிகம்” என்று எங்களிலேயே ஒருத்தி சொல்லி ஒரு வீட்டையே பயமுறுத்தியிருக்கிறாள். பெட்டி வழிகாட்டும், முடிவுக்கு ஆய்வுக்கூடம். மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

மேட்டுக்காடு

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். தை பிறந்து பத்து நாள் ஆகிறது.

சாணிக்குழியைக் கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் எண்பது அடி தள்ளி மாற்றி, அடியில் சிமெண்ட் பூசிவிட்டோம். கொட்டகை கழுவும் தண்ணீர் இப்போது தென்னைக்குப் போகிறது. கிணற்றைச் சுற்றி முப்பது அடிக்கு உரம் வைப்பதில்லை, அந்த இடத்தில் தீவனப்புல் நட்டிருக்கிறோம்.

ஆய்வுக்கூடச் சீட்டை வேளாண்மை அதிகாரியிடம் காட்டினேன். அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. வாய்க்கால் பாய்ச்சலில் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கட்டினால் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். நைட்ரேட் 100 இருந்தால் ஒவ்வொரு தண்ணீரிலும் நாலரை கிலோ தழைச்சத்து வயலுக்குப் போகிறது. பத்துத் தண்ணீருக்கு 45 கிலோ, அது இரண்டு மூட்டை யூரியாவுக்கும் மேல். காசு கொடுத்து வாங்கிப் போட்டது கிணற்றில் கிடக்கிறது, அதை எடுத்துப் பாய்ச்சிவிட்டு மறுபடியும் காசு கொடுத்து மூட்டை வாங்கி வைக்கிறேன். இந்தத் தக்காளிக்கு யூரியாவைப் பாதியாகக் குறைத்து நான்கு தடவையாகப் பிரித்து வைத்தேன். செடியில் ஒரு குறையும் தெரியவில்லை.

நேற்று அக்கா மறுபடி பெட்டியோடு வந்தார். பீட்ரூட் நிறம் இல்லை, ரோஜா நிறம். இன்னும் வரம்புக்குக் கீழே இறங்கவில்லை. போரையும் பார்த்தோம், அது மஞ்சள் பக்கம் நின்றது. அதனால் பேத்திக்கும் எங்களுக்கும் ஒகேனக்கல் தண்ணீர்தான். சைக்கிளில் இரண்டு குடம் காலையில், இரண்டு குடம் மாலையில். சித்திரை கடைசியில் இரண்டையும் மறுபடி எடுத்துக் கொடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஆலமரத்தடி

தம்பி, அந்த அக்கா எங்கள் ஊருக்கும் வருவாரா? இல்லை, நான் பாட்டிலில் கொண்டு வந்தால் போதுமா? எங்கள் தெருவில் ஆறு கிணறு. போன வாரம் இங்கே மழை இல்லை, கடைசியாகப் பெய்தது மார்கழி 12.

ஐந்து_பேரில்_ஒருத்தி

ஐயா, ஆறையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து, எந்தக் கிணறு என்று எழுதி எடுத்து வாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்தால் நானே பார்த்துத் தருகிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக் கிணறு எது என்று மட்டும் முதலில் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.